சங்கத்துக்கு மேலே யார்?

(தொடர்கல்வி மையத்தில் எழுத்தறிவுத் தொண்டர் ஒருவர் பேசியது)



போன வாரம் ரசீது படிக்கப் பழகினோம். அப்போது ஓர் அம்மா கேட்டார். "சொசைட்டியில் கடன் தருகிறார்களே, அது யார் பணம்? அரசாங்கப் பணம்தானே?" நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். அதனால்தான் தேர்தல் வந்தால் தள்ளுபடி வரும் என்று காத்திருக்கிறோம். அந்தப் பணம் எங்கிருந்து, எந்த வழியாக வருகிறது என்று இன்று பார்ப்போம்.

ஊரில் இருப்பது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். பெயர் நீளம். சொசைட்டி என்றால் எல்லோருக்கும் தெரியும். நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரு லட்சம் சங்கங்கள் இருக்கின்றன. பங்குத் தொகை கட்டிச் சேர்ந்தவர்கள் உறுப்பினர்கள். உறுப்பினர்கள்தான் சங்கத்துக்குச் சொந்தக்காரர்கள்.

ஒரு சங்கம் தனியாக நின்றால் என்ன ஆகும்? விதைப்புக் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கடன் கேட்பார்கள். பெட்டியில் பணம் இருக்காது. அறுவடை முடிந்ததும் எல்லோரும் கட்டுவார்கள். அப்போது பணம் சும்மா கிடக்கும். ஆகவே மாவட்டத்தில் உள்ள சங்கங்கள் சேர்ந்து ஒரு வங்கி வைத்துக்கொண்டன. அதுதான் மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி. மாவட்ட வங்கிகள் சேர்ந்து வைத்திருப்பது மாநிலக் கூட்டுறவு வங்கி. உங்களுக்குச் சங்கத்தில் பங்கு இருக்கிறது. சங்கத்துக்கு மாவட்ட வங்கியில் பங்கு இருக்கிறது. மாவட்ட வங்கிக்கு மாநில வங்கியில் பங்கு இருக்கிறது. மாநில அரசும் இவற்றில் பங்கு போட்டிருப்பது உண்டு.

டவுனில் இருக்கும் மற்ற வங்கிகளில் தலைமை அலுவலகம்தான் கிளைகளைத் திறக்கும். இங்கே கீழே இருப்பவர்கள் கூடி மேலே இருப்பதை உண்டாக்கினார்கள்.

இந்த முறை ஜெர்மனியிலிருந்து வந்தது. அங்கே ரைஃபைசன் என்ற ஊர்த் தலைவர் கடனில் தவித்த விவசாயிகளைச் சேர்த்துச் சங்கம் அமைத்தார். நூறாண்டுக்கு முந்தைய சென்னை அரசாங்கம், நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பி இதைப் பார்த்து வரச் சொன்னது. அவர் 1895-லும் 1897-லும் அறிக்கை கொடுத்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதில் ஊர்ச் சங்கத்துக்குத்தான் இடம் இருந்தது. சங்கங்கள் சேர்ந்து மேல் வங்கி அமைக்க 1912-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது.

எல்லா இடத்திலும் மூன்று அடுக்கு கிடையாது. புதுச்சேரியில் மாவட்ட வங்கி இல்லை. கேரளத்தில் 2019-இல் பெரும்பாலான மாவட்ட வங்கிகளை மாநில வங்கியோடு சேர்த்துவிட்டார்கள். மலப்புரம் மட்டும் சில ஆண்டு கழித்துச் சேர்ந்தது.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். பயிர்க்கடனில் ஒரு பகுதி, மக்கள் இந்த வங்கிகளில் போட்ட சேமிப்புப் பணம். உங்களைப் போன்ற யாரோ ஒருவர் மகள் கல்யாணத்துக்கென்று போட்டு வைத்த பணமாகவும் இருக்கலாம். போதாததற்கு மாநில வங்கி, நபார்டு வங்கியில் கடன் வாங்குகிறது. நபார்டு 1982 ஜூலை 12-இல் மத்திய அளவில் தொடங்கியது. அதுவும் கொடுப்பது கடன்தான். நபார்டுக்கு மாநில வங்கி கடன்காரர். மாநில வங்கிக்கு மாவட்ட வங்கி கடன்காரர். அதற்குச் சங்கம் கடன்காரர். சங்கத்துக்கு நாம். ஒவ்வொரு படியிலும் வட்டியில் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள். சம்பளம், வாடகை எல்லாம் அதில்தான் நடக்க வேண்டும்.

அரசாங்கப் பணமும் ஓரிடத்தில் வருகிறது, வட்டியில். மத்திய அரசுத் திட்டப்படி 3 லட்சம் ரூபாய் வரையான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். தவணைத் தேதிக்குள் கட்டினால் 3 சதவீதம் குறையும். சில மாநில அரசுகள் மீதியையும் தாங்களே ஏற்கின்றன. 50,000 ரூபாய்க் கடனுக்கு ஓராண்டு வட்டி 7 சதவீதம் என்றால் 3,500 ரூபாய். 4 சதவீதம் என்றால் 2,000 ரூபாய். 1,500 ரூபாய் வித்தியாசம் ஒரு தேதியில் இருக்கிறது. அந்தத் தேதியைப் படிக்கத் தெரிய வேண்டாமா?

ஒரு வேடிக்கையான கணக்கும் உண்டு. சங்கம் மாவட்ட வங்கிக்குக் கட்ட வேண்டிய பாக்கி, உறுப்பினர்கள் சங்கத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கியை விடப் பெரிதாக இருக்கும். அது எப்படி? உறுப்பினர் கட்டிய பணம் மேலே போகவில்லை. சம்பளத்துக்கோ வேறு செலவுக்கோ போயிருக்கும், இல்லையென்றால் கையாடலாகவும் இருக்கும். 2004-இல் பேராசிரியர் வைத்தியநாதன் தலைமையில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு இந்த இடைவெளியையும் கணக்கில் எடுத்தது. நிபந்தனைகளோடு நிதி உதவி தந்து சங்கங்களைத் தூக்கிவிடச் சொன்னது. நான் சொல்வேன், ரசீது வாங்காமல் பணம் கட்டுகிற பழக்கம் இருக்கும்வரை எந்தக் குழு வந்தும் இது தீராது.

சேமிப்புப் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். மாவட்ட வங்கியும் மாநில வங்கியும் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ளவை. அவை முழுகினாலும் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020-இல்தான் அது 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் ஆனது. ஊர்ச் சங்கத்துக்கு அந்தக் காப்பீடு கிடையாது. சட்டப்படி அது வங்கி இல்லை. பெயரில் வங்கி என்று போட்டுக்கொள்ளவும் கூடாது. சங்கத்தில் பணமே போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே நம் பணத்துக்குக் காவல் தணிக்கை அறிக்கையும் உறுப்பினர்களின் கேள்வியும்தான்.

கேள்வி கேட்க உரிமை வேண்டும். ஆயிரம் ரூபாய் பங்கு வைத்தவருக்கும் ஒரு ஓட்டு. நூறு ரூபாய் பங்கு வைத்தவருக்கும் ஒரு ஓட்டு. ஆனால் நகையை வைத்துக் கடன் வாங்க வரும் பெண்கள் பலரைப் பெயரளவு உறுப்பினர், இணை உறுப்பினர் என்று எழுதிக்கொள்வார்கள். அந்த வகையில் பொதுவாக ஓட்டு இல்லை. இருபது வருடமாகச் சங்கத்துக்குப் போய் வருகிறேன் என்பார்கள். ஓட்டர் பட்டியலில் பெயர் இருக்காது. நிலம் கணவர் பேரில் இருக்கும், பங்கும் அவர் பேரில் இருக்கும்.

இன்னொன்று. கடன் தரும்போது ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார்கள் என்று சிலர் குறைப்படுகிறார்கள். அது பங்குத் தொகையாக இருந்தால் உங்கள் பேரில்தான் நிற்கும். கடனை முடித்து விலகும்போது கேட்டு வாங்கலாம். கைநாட்டு வைத்த காலத்தில் அது எந்தக் கணக்கில் போனது என்று பார்க்க வழியில்லை. இப்போது பார்க்கலாம்.

பேரவைக் கூட்டம் ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும். அறிவிப்பைச் சங்கப் பலகையில் ஒட்டுவார்கள். அதில் தேதியும் இடமும் இருக்கும். வரவு செலவும் தணிக்கை அறிக்கையும் அங்கே வைக்கப்படும். அடுத்த வாரம் வரும்போது அவரவர் பாஸ் புத்தகத்தையும் பங்கு ரசீதையும் எடுத்து வாருங்கள். உறுப்பினர் வகை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொருவராகப் படிப்போம்.