பேய் இல்லை என்றால் போதுமா?

(பொதுக்கூட்டமொன்றில் பேசியதின் சுருக்கம்)



பேய் என்பதாக ஒன்று இல்லை என்று நமது மேடைகளில் எத்தனையோ தடவை சொல்லியாய்விட்டது. ஆதலால் அதையே மறுபடியும் சொல்லி உங்கள் காலத்தை வீணாக்க நாம் இங்கு வரவில்லை. நாம் கேட்பது வேறொரு கேள்வி. பேய் இல்லை என்று நாம் சொல்லிவிட்டோம், சரி. பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் அந்தப் பெண் அன்று இராத்திரி தூங்கினாளா? பிள்ளைக்குச் சோறு போட்டாளா? நாம் மேடையை விட்டு இறங்கிப் போன பிறகு அவளை வீட்டார் எங்கே கொண்டு போவார்கள்? பழையபடி பூசாரியிடந்தானே? ஏனென்றால், "உட்காரம்மா, உனக்கு என்ன?" என்று கேட்பதற்கு ஊரில் அவன் ஒருவன்தான் இருக்கிறான்!

2001-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தர்காவில் தங்கினால் சித்தம் தெளியும் என்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்களை, அங்கு விடுதி நடத்தியவர்கள் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். கொட்டகை தீப்பற்றியபோது ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். தர்கா என்பதால் நமது இந்து நண்பர்கள் மகிழ வேண்டியதில்லை. கோயிலானாலும் மாதா கோயிலானாலும் பைத்தியம் தெளிவிக்கிற வியாபாரம் எல்லா மதத்திலும் உண்டு. சங்கிலி போடுவது கூடாது என்று 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் சொல்லிவிட்டது. சட்டம் சங்கிலியை அவிழ்க்கும். அவிழ்த்துவிடப்பட்டவனுக்கு வைத்தியம் செய்வது யார்?

இந்தக் கேள்விக்கு ஆப்பிரிக்காவில் ஒரு வைத்தியர் செய்து காட்டிய பதிலைச் சொல்லவே இன்று வந்தோம்.

ஜிம்பாப்வே என்று ஒரு தேசம். அங்கே டிக்சன் சிபண்டா என்பவர் மனோவைத்தியர். அந்தத் தேசம் முழுவதுக்குமே மனோவைத்தியர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர்தான். 2005-ல் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டாள். முன்னதாகவே ஏன் அழைத்து வரவில்லை என்று அவள் தாயாரை அவர் கேட்டார். பஸ் சார்ஜுக்கு வேண்டிய 15 டாலர் எங்களிடம் இல்லை என்று அந்தத் தாய் சொன்னாள். தோழர்களே! அந்தப் பெண்ணின் உயிரை எந்தப் பேய் வாங்கிற்று? வைத்தியர் பட்டணத்தில், நோயாளி கிராமத்தில் என்கிற ஏற்பாடல்லவா வாங்கிற்று?

அதே 2005-ல் அந்நாட்டுச் சர்க்கார், நகரத்தைச் சுத்தப்படுத்துகிறோம் என்று ஏழைகளின் குடிசைகளையும் கடைகளையும் இடித்துத் தள்ளிற்று. சுமார் 7 லட்சம் ஜனங்கள் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தார்கள் என்று ஐக்கிய நாடுகள் சபை அறிக்கை கூறிற்று. வீடு போனவனுக்குத் தூக்கம் வருமா? மனம் கலங்காதா?

2006-ல் தலைநகரமான ஹராரேயைச் சேர்ந்த எம்பாரே என்னும் ஏழைகள் பேட்டையில் சிபண்டா வேலை தொடங்கினார். நர்சுகள் இல்லை, அறை இல்லை. சுகாதாரத் தொண்டு செய்துவந்த 14 கிழவிகள்தான் கிடைத்தார்கள். அவர்களுக்கே பயிற்சி கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு பெஞ்சைப் போட்டு அங்கே உட்கார்ந்தார்கள். முதலில் அதற்கு மனநலப் பெஞ்சு என்று பெயர். ஒருவரும் வரவில்லை. பைத்தியப் பட்டம் சுமக்க யாருக்குத்தான் சம்மதம்? பிறகு கிழவிகளே வேறு பெயர் வேண்டும் என்றார்கள். "நட்புப் பெஞ்சு" என்று ஆயிற்று; ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

அங்கே நடப்பது மந்திரமுமல்ல, தாயத்துமல்ல. வந்தவளை அவர்களுடைய ஷோனா பாஷையில் 14 கேள்விகள் கேட்கிறார்கள். தூக்கம் உண்டா? அழுகை வருகிறதா? சாகலாம் என்று தோன்றுகிறதா? அளவுக்கு மீறி நினைத்து நினைத்து மாய்கிறாயா? இப்படி மாய்வதற்கு அவர்கள் பாஷையில் "குஃபுங்கிசீசா" என்று சொந்தச் சொல்லே உண்டு. இக்கேள்விகள் 1990-களில் பம்பாயில் பிறந்த விக்ரம் பட்டேல் என்னும் மனோவைத்தியரும் அந்நாட்டாரும் ஹராரேயில் கூடி ஆராய்ந்து வகுத்தவை. பிறகு பாட்டி அவள் கஷ்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லவைத்து, "இதில் எதை முதலில் தீர்க்கலாம்? அதற்கு நீ என்ன செய்யலாம்?" என்று அவளையே யோசிக்க வைக்கிறாள். இப்படி ஆறு தடவை. உயிருக்கு ஆபத்து என்று கண்டால் மேலே உள்ளவர்களிடம் அனுப்பிவிடுகிறாள்.

"எங்கள் பூசாரியும் ஆறுதல்தானே சொல்கிறார்! வித்தியாசம் என்ன?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. வித்தியாசம் மூன்று. முதலாவது, பூசாரி காரணத்தை வெளியே காட்டுகிறான். பேய் என்பான், முன்ஜென்ம கர்மம் என்பான், பங்காளி வைத்த சூனியம் என்று சொல்லிக் குடும்பத்திலும் தீ வைப்பான். பாட்டியோ அவள் கையில் இருக்கும் வழியைக் காட்டுகிறாள். இரண்டாவது, தன்னால் ஆகாததைப் பூசாரி வைத்தியரிடம் அனுப்பமாட்டான்; இன்னொரு ஆடு கேட்பான். மூன்றாவது, பூசாரி பரீட்சைக்கு வரமாட்டான். சிபண்டா வந்தார்.

அந்தப் பரீட்சை இதுதான். ஹராரேயில் 24 ஆஸ்பத்திரிகளில் 573 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். எந்த ஆஸ்பத்திரிக்காரருக்குப் பெஞ்சு, எந்த ஆஸ்பத்திரிக்காரருக்கு வழக்கமான சிகிச்சையும் நர்சின் யோசனையும் என்பதைச் சீட்டுப்போட்டதுபோல் பிரித்தார்கள். ஆறு மாதம் சென்று பார்த்தபோது, மனச்சோர்வின் அறிகுறிகள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 50 பேருக்கு இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்களிலோ 100-க்கு 14 பேருக்குத்தான். இந்த முடிவு 2016 டிசம்பரில் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் பத்திரிகையில் வெளியாயிற்று. சந்தேகிப்பவர் எவரும் கணக்கைச் சோதித்துக்கொள்ளலாம். எந்தக் கோயில், எந்த ஜபக் கூட்டம் இப்படி ஒரு கணக்கை நம்முன் வைத்திருக்கிறது?

இத்தோடு அவர் நின்றுவிடவில்லை. லண்டனிலும் ஜிம்பாப்வேயிலும் ஆசிரியராயிருந்து, ஜிம்பாப்வே, மலாவி, எதியோப்பியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாட்டு இளைஞர்கள் மனநோய் ஆராய்ச்சியில் தேர்ச்சி பெறுவதற்கான ஏற்பாடு ஒன்றை நடத்தினார். வெள்ளைக்காரன் வந்து ஆராய, கறுப்பன் ஆராயப்படும் பொருளாகவே கிடக்க வேண்டும் என்ற நிலை மாறி, அவனவன் நாட்டை அவனவனே ஆராய வேண்டும் என்பது இதன் தாத்பரியம். அந்தப் பெஞ்சு நியூயார்க் வரைக்கும் போயிருக்கிறது. ஏழை நாட்டுக் கிழவியிடம் பணக்கார நாடு பாடம் கேட்கிறது!

இதில் நமது இயக்கத்துக்கு என்ன சம்பந்தம் என்பீர்கள். படிப்பு சிலருக்கு மட்டுமே உரியது, மற்றவன் காதில் விழுந்தாலும் பாவம் என்று சாஸ்திரம் எழுதிவைத்த தேசம் இது. எந்த வித்தையையும் எவரும் முறையாகக் கற்றுச் செய்யலாம் என்பதுதான் சுயமரியாதை. அந்த 14 கிழவிகள் அதை மெய்ப்பித்துவிட்டார்கள். அதற்காக வைத்தியரும் மருந்தும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கடுமையான மனநோய்க்கு மருந்து அவசியம் வேண்டும். மருந்தைக் கிழவி கொடுப்பதில்லை; வைத்தியரிடம் போகிற வழியைத் திறந்துவிடுகிறாள்.

ஆகையால் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். இனி ஓர் ஊரில் பெண் ஒருத்தி சாமியாடினாள், பேயாடினாள் என்று கேள்விப்பட்டால் போய்ச் சிரிக்காதீர்கள். சிரிப்பு அவளைப் பூசாரியிடமே திருப்பி அனுப்பும். பூசாரியின் பித்தலாட்டத்தைக் கண்டியுங்கள். அவளிடம் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேளுங்கள். சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஒருவர் கூடவே போங்கள். பஸ் சார்ஜ் இல்லையென்றால் நமது சங்கத்தில் வசூலித்துக் கொடுங்கள். 2022 முதல் 14416 என்ற டெலிபோன் நம்பரில் காசில்லாமல் யோசனை சொல்கிறார்கள். அதை வாசகசாலைச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள். மனநோய்க்கு வைத்தியர் எங்கே என்று உங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் கேளுங்கள். இல்லையென்றால் விடாமல் கிளர்ச்சி செய்யுங்கள்.

நாம் சொன்னதற்காக எதையும் நம்பவேண்டாம். உங்கள் ஊரிலேயே செய்து பாருங்கள். பூசாரி வீட்டு வாசலில் கூட்டம் குறைகிறதா என்று எண்ணிப் பார்த்து, பிறகு எங்களுக்கு எழுதுங்கள்.