எக்கணிதம் பயில்வது?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நிக்டியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வினா எழுகின்றது. கணக்கில் வல்ல பிள்ளை தூய கணிதம் பயில்வதா, பயன்பாட்டுக் கணிதம் பயில்வதா? எண்களின் இயல்பை அறிவின் பொருட்டே ஆராய்வது முன்னது. தொழில், வாணிபம், வானிலை முதலியவற்றின் சிக்கல்களைக் கணக்கால் தீர்ப்பது பின்னது. “பின்னதே சோறு போடும்” என்று நாம் உடனே தீர்ப்பு வழங்கிவிடுகின்றோம். ஊர்விட்டு வந்து மாத ஊதியத்தில் வாழும் நமக்கு அவ்வச்சம் இயல்பே.

ஆயினும் ஈரோட்டில் 1887-இல் பிறந்த இராமானுசனை எண்ணிப் பாருங்கள். 1912-இல் அவர் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் ஊதியம் பெற்ற எழுத்தர், நம் இனத்தவர்! அவருடைய முதற் கட்டுரையை 1911-இல் வெளியிட்டது இந்தியக் கணிதக் கழகத்தின் இதழ். 1907-இல் தமிழரான வி. இராமசாமி ஐயர் தொடங்கிய அக்கழகத்தின் நூலகம், தொடக்கத்தில் நம் புனேயின் பெர்குசன் கல்லூரியிலேயே இருந்தது.

இராமானுசனை ஆதரித்த ஹார்டி, எண் கோட்பாட்டிற்கு உலகியற் பயன் இல்லையென்றே 1940-இல் கருதினார். 1977-இலோ, பெரும் பகா எண்களைக் கொண்டு செய்தியை மறைத்தனுப்பும் முறை பிறந்தது. கைப்பேசியில் பணம் செலுத்திப் புகைவண்டிச் சீட்டு பெறுகின்றோமே, அத்தகைய பணிகளைக் காக்கும் முறைகளுள் அதுவும் ஒன்று. எது சோறு போடும் என்பதை ஹார்டியே அறிந்திலர்; நாம் எங்ஙனம் அறிவோம்?

நம் இல்லத்திலும் இவ்வினா எழுந்தது. மகள் தூய கணிதம் கேட்டாள். மெட்ரிகுலேஷனோடு நின்ற நாம் மறுத்தோம். அவளோ, எவரும் பணியாமலே, நள்ளிரவிலும் ஒரு தேற்றத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். அக்காட்சியே நம் வாயை அடைத்தது. இசைந்தோம்.

எனினும் இரண்டு சொற்களை அவளிடம் கூறினோம். ஏனைய பாடங்களைப் புறக்கணித்தமையால் இராமானுசன் உதவித்தொகையை இழந்தார். ஆகவே புள்ளியியலும் கணிப்பொறியும் உடன் கற்க வேண்டும். முதுகலை, ஆராய்ச்சி என ஆண்டுகள் நீளும். அச்செலவை இல்லத்தார் அனைவரும் இன்றே எண்ணிவைக்க வேண்டும்.

பெற்றோர்களே, இளநிலையின் தொடக்கப் பாடங்கள் இரு பிரிவுக்கும் பெரும்பாலும் ஒன்றே. அவசரம் வேண்டா. எவரும் ஏவாதபோது பிள்ளை எக்கணக்கைப் போடுகின்றது என்று பாருங்கள். விடை அங்கே உள்ளது.