200 போகணும்னா முதல்ல 90: மெட்டல் டிரம்மிங் வேகத்தைப் பத்தி என் கை கத்துக்குடுத்தது

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "ப்ரோ, டபுள் பேஸ் வேகத்தை எப்படி ஏத்துறது? 150-லயே கால் நின்னுடுது." இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம். ஆனா ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். நான் 240-ல வாசிக்கிற ஆள் இல்ல. வேகத்தைத் துரத்தி கையைக் கெடுத்துக்கிட்டு, திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்ச ஆள்.

எனக்கு ஊர் நாமக்கல் பக்கம். வேலை சாஃப்ட்வேர். வாரத்துல ரெண்டு நாள் சேலத்துல பேண்ட் ப்ராக்டிஸ், மத்த நாள் வீட்டுல பேட்ல. ஏன் வீட்டுல கிட் இல்லைன்னு கேட்பீங்க. எங்க வீட்டுக்குப் பின்னாடியே பெரியப்பாவோட கோழிப்பண்ணை. திடீர்னு பெரிய சத்தம் கேட்டா கோழி மிரண்டுடும், முட்டை குறைஞ்சுடும். நான் கிட் வாங்கின முதல் வாரமே பெரியப்பா வந்து, "கண்ணு, நீ அடி, நான் வேண்டாங்கல. ஆனா என் கோழிக்கு நீயே பதில் சொல்லு"ன்னுட்டார். கிட் அன்னைக்கே சேலத்துக்குப் போயிடுச்சு. யோசிச்சுப் பார்த்தா அதுவும் நல்லதுதான். பேட்ல தப்பு ஒளியாது.

முதல்ல கணக்கைப் பார்ப்போம். 200 பிபிஎம் பாட்டு, கால் ரெண்டும் பதினாறாம் நோட்டு வாசிக்குதுன்னு வைங்க. ஒரு பீட்டுக்கு நாலு அடி. நிமிஷத்துக்கு 800. செகண்டுக்கு 13-க்கு மேல. நாலு நிமிஷம் விடாம வாசிச்சா 3200 அடி, ஒரு காலுக்கு 1600. இதைச் சொல்றது பயமுறுத்த இல்ல. இது ஒரு தடவை 'தம்' கட்டி முடிக்கிற வேலை இல்லைன்னு புரியணும். ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் சக்தி வீணாச்சுன்னா, அதை 3200-ஆல பெருக்கிக்கோங்க.

இந்த வேகம் எங்கிருந்து வந்துச்சு? 1986-ல ஸ்லேயரோட 'ரெயின் இன் பிளட்'. மொத்த ஆல்பமே அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும். டேவ் லொம்பார்டோவோட டபுள் பேஸைக் கேட்டுத்தான் ஒரு தலைமுறையே ரெண்டாவது பெடல் வாங்குச்சு. 1987-ல பர்மிங்ஹாம்ல இருந்து நேபாம் டெத்தோட 'ஸ்கம்'. அதுல வாசிச்ச மிக் ஹாரிஸ்தான் 'பிளாஸ்ட் பீட்'ங்கிற பேரைப் பரப்பினவர்னு சொல்வாங்க. 1989-ல மோர்பிட் ஏஞ்சலோட 'ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்', டிரம்ஸ்ல பீட் சாண்டோவல். அப்புறம் நைல் பேண்டோட ஜார்ஜ் கோலியாஸ் மாதிரி ஆளுங்க இதை உடற்பயிற்சி மாதிரியே பிரிச்சுப் பாடமா எடுக்க ஆரம்பிச்சாங்க.

இதையெல்லாம் கேட்டு வளர்ந்த பையன் என்ன பண்ணுவான்? நேரா 200-ல மெட்ரோநோமை வைப்பான். நானும் அதான் பண்ணேன்.

அப்போ எங்க பேண்டுக்கு பெங்களூருல ஒரு ஷோ கிடைச்சிருந்தது. சேலத்துப் பசங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியும். 2011-ல பேலஸ் கிரவுண்ட்ஸ்ல மெட்டாலிகா வந்தப்ப எங்க அண்ணன் செட்டு ராத்திரி பஸ் ஏறிப் போன கதையைக் கேட்டே வளர்ந்தவங்க நாங்க. ஷோவுக்கு எட்டு வாரம். செட்லிஸ்ட்ல ரெண்டு பாட்டு 200-க்கு மேல. நான் அப்போ சுத்தமா வாசிக்க முடிஞ்சது 160. தினமும் ரெண்டு மணி நேரம், பல்லைக் கடிச்சுக்கிட்டு, குச்சியை இறுக்கிப் பிடிச்சு, தோளைத் தூக்கிக்கிட்டு அடிச்சேன். நம்பர் ஏறுச்சு. 175. 185. ஆனா ரெக்கார்ட் பண்ணிக் கேட்டா இடது கை எப்பவும் பின்னாடி இழுக்குது. கேட்காத மாதிரி விட்டுட்டேன்.

ஐந்தாவது வாரம் வலது மணிக்கட்டுல வலி. முதல்ல வாசிக்கும்போது மட்டும். அப்புறம் பைக் ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போது. அப்புறம் கீபோர்டுல. அங்கதான் பயம் வந்துச்சு. ஏன்னா எனக்குச் சோறு போடுறது அந்தக் கீபோர்டுதான். வீட்டு லோன் இஎம்ஐ அந்தக் கையிலதான் ஓடுது. பிசியோதெரபிஸ்ட் பார்த்துட்டு, தசைநாண் புண்ணாயிருக்கு, ஆறு வாரம் குச்சியைத் தொடக்கூடாதுன்னார். ஷோவுல எனக்குப் பதிலா வேற ஒரு பையன் வாசிச்சான். நல்லாவே வாசிச்சான். நான் கூட்டத்துல நின்னு பார்த்தேன். அதைப் பத்தி அதிகம் பேச வேண்டாம்.

அந்த ஆடி மாசம் எங்க தெரு மாரியம்மன் கோயில் விசேஷம். தவில் வாசிக்க வந்த பெரியவர் ஒருத்தர். வயசு அறுபதைத் தாண்டியிருக்கும். தவிலைத் தோள்ல மாட்டிக்கிட்டு, அம்மன் ஊர்வலம் பூரா நடந்துக்கிட்டே வாசிக்கிறார். மணிக்கணக்கா. ஒரு கையில குச்சி, இன்னொரு கையில விரல் கூடு. நடுவுல வேகம் எடுக்குறப்ப ரெண்டு கையும் கலங்கலாத் தெரியுது, முகம் மட்டும் டீ குடிக்கிற மாதிரி சாதாரணமா இருக்கு. நான் ஏசி ரூம்ல நாலு நிமிஷ பாட்டுக்கு மூச்சு வாங்குறவன்.

சாமி நிலைக்கு வந்ததும் போய்ப் பேசினேன். மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்து என்னாச்சுன்னு கேட்டார். சொன்னேன். பேட்டையும் குச்சியையும் கொண்டுவரச் சொன்னார். நான் பிடிச்சதைப் பார்த்ததும், "ஏங்கண்ணு, குச்சி என்ன ஓடியா போகப்போகுது?"ன்னார். என் விரலைத் தளர்த்திவிட்டு, குச்சியை ஒரு தடவை விழ வெச்சு, அது தானா எத்தனை தடவை துள்ளுதுன்னு பார்க்கச் சொன்னார்.

அப்புறம் ஒரு விஷயம் கேட்டார். "உங்க மிஷின்ல வேகத்தை எப்படி ஏத்துற?" நம்பரைக் கூட்டுவேன்னேன். "நாங்க தாளத்தை ஏத்த மாட்டோம் தம்பி. தாளம் அங்கயே நிக்கும். முதல் காலத்துல ஒரு சொல், ரெண்டாங்காலத்துல ரெண்டு, மூணாங்காலத்துல நாலு. முதல் காலம் அழகா இல்லாதவனுக்கு மூணாங்காலம் கிடையாது." காலுக்கு என்ன பண்றதுன்னு கேட்டேன். "அது எனக்குத் தெரியாது சாமி, எனக்குக் கால் நடக்கத்தான்"னு சிரிச்சார்.

நம்ம பாஷையில இதைச் சொல்றேன். கிளிக்கை 90-ல வைங்க. ஒரு பீட்டுக்கு ரெண்டு அடி, ஒரு நிமிஷம். அப்புறம் நாலு அடி, ஒரு நிமிஷம். அப்புறம் எட்டு அடி, நாலே பீட்டுக்கு மட்டும். 90-ல எட்டு அடிங்கிறது 180-ல நாலு அடிதான். கணக்கு ஒண்ணு, ஆனா உடம்புக்கு வேற. 180 கிளிக் காதுல விழுந்தாலே தோள் தூக்கிக்கும். 90 கேட்டா உடம்பு அமைதியா இருக்கும். ஆறு வாரம் முடிஞ்சதும் நான் 60-ல இருந்து ஆரம்பிச்சேன்.

இப்ப நான் பண்ற முறை. மூணு பகுதி.

ஒண்ணு, சுத்தம். இருபது நிமிஷம், சுலபமான வேகத்துல. ரெண்டு கையும் ஒரே உயரம், ஒரே சத்தம். போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கண்ணை மூடிக் கேளுங்க. எது இடது, எது வலதுன்னு கண்டுபிடிக்க முடிஞ்சா இன்னும் வேலை இருக்கு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குச்சிக்கு அச்சு. வேகம் ஏற ஏற மணிக்கட்டோட வேலை குறைஞ்சு மத்த விரல்களோட வேலை கூடணும்.

ரெண்டு, வேகம். இது சின்னச் சின்ன வெடிப்பா. உங்க இலக்கு வேகத்துல நாலு பீட் மட்டும், அப்புறம் எட்டு பீட் ஓய்வு. பத்து தடவை போதும். இறுக்கம் வந்த நொடியே நிறுத்துங்க. இறுக்கத்தோட வாசிச்சா உடம்பு இறுக்கத்தைத்தான் கத்துக்கும்.

மூணு, தாக்குப்பிடிக்கிறது. இதுக்கு இலக்கு வேகம் வேண்டாம். உங்க உச்சத்துல இருந்து 30, 40 குறைச்சு, அஞ்சு நிமிஷம் விடாம. அடுத்த வாரம் ஆறு. பத்து நிமிஷம் மூச்சு வாங்காம போனா 4 பிபிஎம் ஏத்துங்க. வேகத்தையும் நேரத்தையும் ஒரே வாரத்துல ஏத்தாதீங்க. கோட்ல ஒரே நேரத்துல ரெண்டு மாற்றம் பண்ணி, எது உடைச்சுதுன்னு தெரியாம முழிக்கிற அதே கதைதான்.

இப்போ கால். மெதுவா வாசிக்கும்போது தொடையில இருந்து முழுக் காலும் அசையும். வேகம் கூடும்போது கணுக்கால் மட்டும் அசையும். இந்த மாற்றம் நடக்குற இடம்தான் பெரும்பாலானவங்க மாட்டிக்கிற இடம். பலருக்கு 150-ல இருந்து 180-க்குள்ள எங்கயோ வரும். அங்க முழுக்காலும் முடியாது, கணுக்காலும் இன்னும் பழகலை. அதனால கணுக்காலைத் தனியா, மெதுவான வேகத்துலயே பழக்குங்க. 120-ல கணுக்காலால மட்டும் வாசிச்சுப் பாருங்க. முன்னங்கால் எலும்பு ஓரத்துல தசை எரியும். அந்த எரிச்சல் சாதாரணம். குத்துற வலி, மரத்துப் போறது, அடுத்த நாளும் இருக்கிற வலி, இது மூணும் சாதாரணம் இல்ல. நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

ஸ்டூலோட உயரத்தைப் பாருங்க. தொடை தரைக்குச் சமமாவோ கொஞ்சம் இறங்கியோ இருக்கட்டும். ரொம்பத் தாழ உட்கார்ந்தா ஒவ்வொரு அடிக்கும் காலைத் தூக்குற வேலை கூடும், இடுப்பு பிடிச்சுக்கும். வெயில் காலத்துல நம்ம ஊர் ரூம்ல ப்ராக்டிஸ் பண்றவங்க தண்ணி, உப்பு மறக்காதீங்க. வாரத்துல ஒரு நாளாவது குச்சியைத் தொடாதீங்க.

அப்புறம் டிரிகர். ஸ்டூடியோவுலயும் மேடையிலயும் பேஸ் டிரம்ல டிரிகர் மாட்டுறது மெட்டல்ல சகஜம். லேசா மிதிச்சாலும் சத்தம் ஒரே சீராக் கேட்கும். அது ஏமாத்து வேலைன்னு சண்டை போடுறவங்க இருக்காங்க. என்னைக் கேட்டா, டைமிங் தப்பா இருந்தா டிரிகர் அதை இன்னும் தெளிவாக் காட்டிக்குடுக்கும். அவ்ளோதான்.

உடம்புன்னு வந்தா ஜாம்பவானுங்களுக்கும் விதிவிலக்கு இல்ல. பீட் சாண்டோவலுக்கு 2010-ல முதுகுல அறுவை சிகிச்சை. 2011-ல வந்த மோர்பிட் ஏஞ்சல் ஆல்பத்துல அவர் இல்ல, வேற டிரம்மர் வாசிச்சார்.

நான் இப்போ எங்க இருக்கேன்? ஒன்றரை வருஷம் ஆச்சு. 184-ல மூணு நிமிஷம் சுத்தமாப் போகுது. கை வலி இல்ல. பேண்ட்ல அந்த ரெண்டு பாட்டை 190-க்கு இறக்கிக் குடுத்தாங்க. கிட்டாரிஸ்ட் இப்போ ரிஃப் நல்லாக் கேட்குதுங்கிறான். 200 வருமான்னு கேட்டா, வரலாம். வரலைன்னாலும் அறுபது வயசுல வாசிச்சுக்கிட்டு இருக்கணும், அதுதான் எனக்கு இப்போ முக்கியம்.

உங்க நம்பர் எவ்வளவுன்னு அனுப்புங்க. கூடவே, எவ்வளவு நேரம் தாங்குதுன்னும் சொல்லுங்க. இந்த வாரம் ஒரே ஒரு வேலை: 60-ல பத்து நிமிஷம் வாசிச்சு ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க. போரடிக்கும். பரவாயில்ல, கேளுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.