செசபீக் விரிகுடாவும் கணினி வரைந்த ஆறுகளும்

அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள செசபீக் விரிகுடாவின் சராசரி ஆழம் ஆறரை மீட்டருக்கும் குறைவு. அதில் வந்து வடியும் நிலமோ சுமார் 1,66,000 சதுர கிலோமீட்டர். ஆறு மாநிலங்களின் பகுதிகளும் வாஷிங்டன் தலைநகரும் அதற்குள் அடங்கும். இவ்வளவு பெரிய நிலப்பரப்பின் கழிவை இவ்வளவு ஆழம் குறைந்த நீர் தாங்க வேண்டியிருக்கிறது. வயல்களின் உரம், கோழிப்பண்ணை எரு, நகரச் சாக்கடை ஆகியவற்றிலிருந்து வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசியைச் செழிக்க வைக்கின்றன. பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. கோடையில் ஆழப் பகுதிகளில் நண்டும் சிப்பியும் பிழைக்க வழியில்லை. விரிகுடாவைக் காக்க 1983இல் மேரிலாந்து, வர்ஜீனியா, பென்சில்வேனியா ஆகிய மாநிலங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆனால் எந்த நிலம் எவ்வளவு மாசு அனுப்புகிறது என்று தெரியாமல் யாரிடமும் எதையும் குறைக்கச் சொல்ல முடியாது.

புவியியல் தகவல் முறைமை என்னும் வரைபட மென்பொருள் உதவிக்கு வருவது இந்த இடத்தில்தான். அது நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்து நீரும் பக்கத்தில் தாழ்ந்திருக்கும் கட்டத்தை நோக்கி ஓடும் எனக் கொண்டு ஓடைகளை வரைகிறது. அதன்மேல் மண்வகை, பயிர், மழை, குடியிருப்பு ஆகியவற்றின் படங்களை அடுக்கி, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் வரக்கூடிய மாசைக் கணக்கிடுகிறார்கள். மலைச்சரிவில் இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். கடலோரச் சமவெளியில்தான் தடுமாறும். விரிகுடாவின் கிழக்கே உள்ள டெல்மார்வா தீபகற்பம் போன்ற தட்டையான மண்ணில் நீரின் போக்கைத் தீர்மானிப்பது மேட்டைவிட, மனிதர் வெட்டிய வாய்க்காலும் சாலைக்கு அடியில் போகும் குழாயுமே. விமானத்திலிருந்து லேசர் கதிரால் நிலமட்டத்தை நுணுக்கமாக அளந்த பிறகே அத்தகைய வாய்க்கால்கள் பல படத்தில் தெரியவந்தன. நிலத்தடி நீர் வழியாகப் போகும் நைட்ரஜன் ஓடையை எட்டப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். மேற்பரப்பை மட்டும் காட்டும் படத்தில் அந்தக் காலத்தாழ்வு தெரியாது.

இவ்வளவு ஐயம் இருக்கும் கணக்கை வைத்து உழவர்மேல் வரம்பு விதிக்கலாமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. 2010இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, விரிகுடாவுக்குள் ஆண்டுக்கு 18.59 கோடி பவுண்டு நைட்ரஜனுக்கு மேல் வரக்கூடாது என வரம்பு வகுத்தது. பண்ணையாளர் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முகமையின் பக்கம் தீர்ப்பளித்தது. அது சரியான தீர்ப்பு என்றே கருதுகிறேன். ஐயம் முழுதும் தீரும்வரை காத்திருப்பதும் ஒரு முடிவுதான். அதன் விலையை நண்டு பிடித்துப் பிழைப்பவர்கள் கொடுக்கிறார்கள். படத்தை விட்டுவிட்டு நீரை மட்டும் அளந்தால் போதாதா என்போரும் உண்டு. முகத்துவாரத்தில் எடுத்த ஒரு குப்பி நீர் மாசு இருப்பதைச் சொல்லும். அது எந்த வயலிலிருந்து வந்தது என்பதைச் சொல்லாது.

ஆயினும் கணினியின் விடையையே நடந்துவிட்ட செயலாக எண்ணும்போது பெரும் பிழை நேர்கிறது. செசபீக்கிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் 2025க்கென வைத்த இலக்கைப் பல ஆண்டுகள் முன்னதாகவே எட்டின. அங்கே செலவிட நிதி இருந்தது; குழாய் வாயில் வெளியேறுவதை நேரடியாக அளக்கவும் முடிந்தது. வயல்களில் நடந்தது வேறு. கரையோரம் மரம் நட்டால் இவ்வளவு குறையும், அறுவடைக்குப்பின் மூடுபயிர் விதைத்தால் இவ்வளவு குறையும் என்று கணக்கில் வரவு வைத்தார்கள். விரிகுடாவைக் காக்கும் கூட்டுத் திட்டத்தின் அறிவியல் ஆலோசனைக் குழு 2023இல் வெளியிட்ட அறிக்கை, வயல் போன்ற பரவலான மூலங்களில் எதிர்பார்த்த அளவுக்கு மாசு குறையவில்லை என்றது. காலத்தாழ்வு அதற்கு ஒரு காரணம். அதையே எல்லாவற்றுக்கும் விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. படம் எங்கே அளக்க வேண்டும் என்று காட்டட்டும். அளவு படத்தைத் திருத்தட்டும். ஆற்றுக்கு மாதிரி வரையும் திட்டங்களுக்கு நிதி ஒதுக்குபவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: மென்பொருளுக்கும் கணினிக்கும் தரும் தொகைக்குக் குறையாமல், மழை கொட்டும் இரவிலும் ஓடைக்குப் போய் நீர் எடுத்துவரும் ஆட்களுக்கும் பணம் ஒதுக்குங்கள்.