நாளைய உலகம்



1965ஆம் ஆண்டு ஜூலை மாதம் இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் 'டுமாரோஸ் வோர்ல்ட்', அதாவது 'நாளைய உலகம்', என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானம் ஓட்டிய ரேமண்ட் பாக்ஸ்டர் 1977 வரை அதனை நடத்தி வந்தார். 1967இல் ஒரு வீட்டினுள் வைக்கப்பட்ட கணிப்பொறி முனையத்தையும், 1979இல் கையில் ஏந்திச் செல்லும் தொலைபேசியையும், 1981இல் குறுந்தகட்டையும் மக்கள் அதிலே கண்டனர். அவை கடைவீதிக்கு வருமுன்னரே கண்டனர்.

இந்நிகழ்ச்சியின் சிறப்பு யாது? புதுமைகளை முன்கூட்டி அறிவித்தது மட்டுமன்று. பல ஆண்டுகள் அது நேரடியாகவே ஒளிபரப்பாயிற்று. ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த கருவியை, இலட்சக்கணக்கானோர் பார்த்திருக்க, அங்கேயே இயக்கிக் காட்டினர். சில வேளைகளில் கருவி இயங்க மறுத்துவிடும். வெட்டி நீக்கவும் வழியில்லை. மறுமுறை படமெடுக்கவும் நேரமில்லை.

இது குறையா? அன்று. ஒரு கருவி ஆய்வுக்கூடத்தில் இயங்குவது வேறு. வெப்பமும் தூசியும் அவசரமும் நிறைந்த உலகில் இயங்குவது வேறு. இடைப்பட்ட தூரத்தைக் கடக்கப் பொறியாளர்கள் பல்லாண்டு உழைக்கின்றனர். அத்தூரத்தைக் கண்முன் காட்டியது தோல்வியுற்ற சோதனைதான்.

38 ஆண்டுகளுக்குப் பின், 2003இல் நிகழ்ச்சி நின்றது. இன்று புதுக்கருவிகளைப் பெரும்பாலும் திருத்திச் செப்பனிட்ட படங்களின் வாயிலாகவே காண்கிறோம். அவற்றில் தோல்வி தென்படுவதில்லை. ஆகவே, மாணவர்களே, ஒரு புதுமையைப் பற்றிக் கேள்விப்படும்போது, "எங்கே, இயக்கிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். இயங்காவிடில், "ஏன் இயங்கவில்லை?" என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வியிலேதான் விஞ்ஞானம் தொடங்குகிறது.