கருக்கலைப்புச் சட்டமும் கூலிக்காரப் பெண்ணும்
(தாராவி மகளிர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாலு பேர் நடுவிலே சொல்லக் கூசும் ஒன்றைப் பேசத்தான் இன்று கூடியிருக்கிறோம். நாம் கூசி வாய்மூடியிருந்த காலத்திலே உயிரை விட்டவர்கள் நம் வீட்டுப் பெண்கள்தான்.

வெள்ளைக்காரன் 1860-இல் எழுதிய தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காப்பதற்காக அல்லாமல் கருவைக் கலைத்தால் சிறை என்றது. கலைத்தவருக்கு மட்டுமல்ல, கலைத்துக்கொண்ட தாய்க்கும் சிறை. வசதி படைத்தவள் டாக்டரிடம் இரகசியமாகப் போனாள். இல்லாதவள் எருக்கங்குச்சிக்குப் போனாள்; பலர் திரும்பவில்லை. 1964-இல் சாந்திலால் ஷா குழு அமைந்தது. 1971-இல் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்தது.

2021-இல் அதைத் திருத்தினார்கள். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். வன்கொடுமைக்கு ஆளானவர், 18 வயது நிரம்பாதவர், கருவுற்றபின் விதவையானவர் போன்றோருக்கு இரண்டு டாக்டர்களின் கருத்தோடு 24 வாரம் வரை. பெண்ணின் பெயரை வெளியிடுவது குற்றம். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்ணுக்கும் இதே உரிமை என்றது. குடும்பத்தார் சம்மதம் போன்ற, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் விதிக்கக் கூடாது என்றும் சொன்னது.

ஆகவே, 18 வயது நிரம்பிய, சித்த சுவாதீனமுள்ள பெண்ணுக்கு அவள் கையெழுத்து ஒன்றே போதும். ஆனால் நடப்பது என்ன? "புருஷனைக் கூட்டிவா" என்று திருப்பி அனுப்பும் இடங்கள் உண்டு. புருஷன் திருநெல்வேலிக்குப் போயிருந்தால் அவள் எங்கே போவாள்? ஒருநாள் கூலி போகிறது, ஒரு வாரம் போகிறது. வாரம் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது, செலவும் ஏறுகிறது. கடைசியிலே வட்டிக்கு வாங்கித் தனியார் ஆஸ்பத்திரிக்கோ, போலி டாக்டரிடமோ போகிறாள்.

பணமில்லாத உரிமை எப்படியிருக்கும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். 1973-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உரிமை தந்தது. 1976-இல் ஹைடு திருத்தம், ஏழைகளின் மருத்துவ உதவித் திட்டத்திலே இதற்கான மத்திய அரசுப் பணத்தை வெட்டியது. ஏட்டிலே உரிமை எல்லோருக்கும். கையிலே கிடைத்தது காசுள்ளவளுக்கு. 2022-இல் அந்த ஏட்டு உரிமையும் பறிபோயிற்று. நம் சட்டத்திலும் இலவசமாகத் தரவேண்டும் என்று ஒரு வரி இல்லை, தோழர்களே!

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 1976-இல், நெருக்கடி நிலையின்போது, இதே மகாராஷ்டிர சட்டமன்றம் கட்டாயக் கருத்தடை மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் அது நின்றது. பெறு என்று கட்டாயப்படுத்துவதும் தவறு, பெறாதே என்று கட்டாயப்படுத்துவதும் தவறு. கர்ப்பத்தடை நாட்டின் சிக்கனத்துக்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்று தந்தை பெரியார் வாதாடியதன் பொருள் இதுதான்.

நாம் கேட்பவை மூன்று. சயான் பெரிய ஆஸ்பத்திரியிலே மட்டுமல்ல, தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வட்டாரத்து மாநகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் இந்தச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்க வேண்டும். கணவன் கையெழுத்து தேவையில்லை என்று மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் எழுதி வாசலிலே மாட்ட வேண்டும். காப்பர்-டி போட்டால்தான், ஆபரேஷன் செய்தால்தான் என்ற நிபந்தனை கூடாது.

ஓட்டுக் கேட்டு நம் சந்துக்குள் வருகிறவர்களிடம் குழாயையும் கக்கூசையும் கேட்கிறோம். இதையும் கேட்போம். பெண்கள் முன்னே நின்று கேட்கட்டும். ஆண்கள் பக்கத்திலே நிற்கட்டும்.