வளவுக் குப்பையும் வீட்டுத் தோட்டமும்



மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும், மேற்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவது அந்நாட்டு மரபு. ஞாயிறு எழும் கரை ஒன்று; அது படும் கரை மற்றொன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி, கரைகளைப் பிரிப்பதோடு மண்ணையும் பிரித்து வைத்திருக்கிறது. படுவான்கரை, நெல் விளையும் வயல் நிலம். எழுவான்கரையிலோ, கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி எனத் தெற்கே செல்லுமிடமெல்லாம் மணல். தென்னைக்கு அம்மணல் தாய். கத்தரிக்கும் மிளகாய்க்கும் மாற்றாந்தாய். காலையில் வார்த்த நீர் மாலைக்குள் கீழே இறங்கிவிடும். காசு கொடுத்து வாங்கி இட்ட பசளையும் அந்நீரோடு சேர்ந்தே இறங்கிவிடும்.

இத்தகைய மணல் வளவிலே விடியற்காலையில் நிகழும் ஒரு காட்சி எல்லோரும் அறிந்ததே. வீட்டுப் பெண்மணி முற்றத்தைப் பெருக்கி, பூவரசஞ் சருகையும் மாவிலையையும் குவித்துத் தீயிடுகிறாள். முற்றம் துப்புரவாகிறது, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் புகையோடு, செடிக்கு வேண்டிய நைதரசன் காற்றில் கலந்து போகின்றது. மிஞ்சும் சாம்பலின் சத்தை அடுத்த மழை மணலுக்குள் கொண்டு போய்விடுகிறது. பிறகு அவ்வீட்டார் பசளைக் கடைக்குப் போகிறார்கள்.

பசளைக் கடை கைவிட்ட ஒரு காலமும் வந்தது. 2021ஆம் ஆண்டு மே மாதம் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே நாளில் தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கிற்று. ஆயின் அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. நாடெங்கும் நெல் விளைச்சல் வெகுவாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு அந்நியச் செலாவணி அற்றுப்போக, விலைகள் ஏறின. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆயிற்று. அதே ஆண்டு யூன் மாதத்திலே, வீட்டுத் தோட்டம் செய்யுங்கள் என்று அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்கவும் அமைச்சரவை முடிவு செய்தது. விடுமுறை கிடைத்தது; மண்ணுக்கு எரு எங்கே கிடைக்கும் என்பது வேறு கேள்வி.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காமற் சொல்லவேண்டும். 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நல்ல கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒரு பங்கு என்று கொண்டால், அந்த ஒரு மூடைக்கு ஈடாக 2,300 கிலோ கூட்டெரு வேண்டும். படுவான்கரையில் ஐந்து ஏக்கர் வயல் செய்பவரிடம், யூரியாவை விட்டு உம்முடைய வீட்டுக் குப்பையைப் போடும் என்று சொல்வது அறிவுரையாகாது, கேலியாகும். ஆனால் நாலு கத்தரி, ஆறு மிளகாய், ஒரு பயற்றைப் பந்தல், கிணற்றடியில் இரண்டு வாழை, இவற்றுக்கு வேண்டியது சில கூடை எருவே. அதை ஒரு குடும்பத்தின் அடுப்படியும் வளவும் தாராளமாகக் கொடுக்கும். தடையால் நேர்ந்த நட்டத்தைக் கண்டு கூட்டெருவையே பழிப்பவர்கள், இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

கூட்டெருவை ஒரு முறையாக வகுத்தவர்களுள் அல்பேட் ஹோவாட் என்னும் ஆங்கிலேயர் குறிப்பிடத்தக்கவர். அவர் 1924 முதல் 1931 வரை இந்தியாவின் இந்தூரில் ஆராய்ந்து, குடியானவர்களின் பழக்கத்தையே ஒழுங்குபடுத்தினார். அதன் சாரம் சிக்கலானதன்று. சருகு, வைக்கோல், காய்ந்த புல் ஆகியன கரி மிகுந்தவை. மரக்கறிக் கழிவு, பச்சைத் தழை, மாட்டுச் சாணம் ஆகியன நைதரசன் உடையவை. நைதரசன் ஒரு பங்குக்குக் கரி முப்பது பங்கு என்ற அளவில் இருந்தால் நுண்ணுயிர்கள் விரைந்து வேலை செய்யும். குவியல் கை வைக்க முடியாதபடி சூடேறும். சருகே மிகுந்தால் குவியல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பச்சைக் கழிவே மிகுந்தால் நாறும். நாற்றம் எழுந்தால் சருகைச் சேர்த்துக் கிளறிவிடுவதே மருந்து.

எழுவான்கரைக்கு வேறு சில கவனங்கள் உண்டு. கோடையிற் குழி நன்று, ஈரம் காயாது. மாரியிலோ நிலநீர் மேலே வந்து குழியை நிரப்பிவிடும். ஆகையால் மேட்டிலே குவித்துக் கிடுகால் மூடவேண்டும். மணலிலே ஊறுவதெல்லாம் கிணற்றைச் சேருமாதலால், குவியல் கிணற்றுக்குத் தூரமாக இருத்தல் இன்றியமையாதது. வாவிக்கரை வீடுகளில் மீன் செதிலும் குடலும், இறாற் கோதும் நண்டோடும் நாள்தோறும் மிஞ்சும். இவை உயர்ந்த பசளை. ஆனால் குவியலில் இட்டால் நாயும் எலியும் விருந்துக்கு வந்துவிடும். வாழைக்கும் பப்பாசிக்கும் சற்றுத் தள்ளி ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்தல் நலம். கருவாட்டுக் கழிவில் உப்பு உண்டு; அது தோட்டத்துக்கு ஆகாது.

தேங்காய்ப் பொச்சு மட்டையில் பொற்றாசியம் மிகுதி. தென்னையைச் சுற்றிய குழியிலே அதனை அடுக்கி மூடினால், மழைநீரை உறிஞ்சி வைத்துக் கோடையிலே மரத்துக்குக் கொடுக்கும். சிரட்டையை மட்டும் வெளியிற் போடக்கூடாது. அதில் தேங்கும் ஒரு கை நீர் டெங்கு நுளம்புக்குப் போதும். அடுப்புச் சாம்பலை மழைபடாமற் சட்டியிற் சேர்த்து வைத்துச் சிறிது சிறிதாக இடலாம். புதிய கோழி எருவோடு கலந்தாலோ நைதரசன் ஆவியாய்ப் போய்விடும்.

வாவியின் நன்னீர்ப் பகுதிகளில் படர்ந்து தோணிகளை மறிக்கும் ஆற்றுவாழையும் நல்ல தழையே. பூத்து விதை வைக்குமுன் வாரி, கரையிலே நன்றாக வாடவிட்டபின் குவியலிற் சேர்க்கலாம். பச்சையாக நீர்நிலைக்கு அருகே போட்டு வைத்தால், அது மீண்டும் வாவிக்கே போய்ச் சேரும்.

ஆடி மாதத்தில் தொடங்கி, இரு கிழமைக்கொரு முறை புரட்டி, ஈரம் காயாமற் பார்த்து வந்தால், ஐப்பசி மழைக்கு எரு ஆயத்தமாகிவிடும். கையில் எடுத்தால் கரிய நிறமும், முதல் மழை பட்ட மண்ணின் மணமும் இருக்கவேண்டும். மணல் அரிக்கும் அரிதட்டில் அதை இட்டு அரித்து, நாற்று நடும் குழியில் இரண்டு கை அளவு போட்டால் போதுமானது. அரிதட்டில் தங்கும் முற்றாத ஈர்க்கும் குச்சியும் வீணல்ல. அடுத்த குவியலுக்கு அவையே அடிப்படுக்கை.